கள்ளம் என்னுஞ் சொல்லும் அதன் வழக்கும்

ஒருவனை ஒரு சொல்லாற் குற்றவாளியாக்குதல் எளிது. அச்சொல்லின் பொருள் யாதென நின்று வினாவுதல் அரிது. சைவப் பாடசாலை ஆசிரியர்கள் நாடோறும் மாணாக்கர் வாயிற் கேட்பதும், சில வேளைகளிலே தாமே சொல்வதுமாகிய கள்ளம் என்னுஞ் சொல் அவ்வாறு வினாவப்படாது வழங்குவனவற்றுள் ஒன்று. நேர்மையின்மையைக் குறிக்குஞ் சொற்கள் தமிழிற் பல. அவற்றுள் இது மிகப் பொதுவானது. ஆதலின் மிக எளிதிற் பிழைபட வழங்கப்படுவதுமாம். அதன் பொருளையும், அப்பொருள் நம்மவர் வழக்கிலே எவ்விடத்துத் திரிந்தது என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

புங்குடுதீவிலே இறுப்பிட்டி முதலாய குறிச்சிகளிலும், அயலிலுள்ள வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களிலும் இச்சொல் வழங்கும் வகையை முதற்கண் நோக்குக. வேலைக்கு ஒளிப்பவன் வேலைக்கள்ளன். தாய் காணாமற் பண்டம் எடுத்துத் தின்னுதல் கள்ளத்தீன். நேரே நோக்காது கடைக்கண்ணால் நோக்குதல் கள்ளப்பார்வை. பிறன் பெயரைத் தான் எழுதுதல் கள்ளக் கையெழுத்து. இறந்தார் பெயராலே தேர்தலில் இடப்படுவது கள்ளவாக்கு. குறைய நிறுப்பது கள்ளத்தராசு. இனி, தவழுங் குழந்தை பாயின் பின்னே ஒளித்திருந்து சிரிக்கும்போது பாட்டி அதனை வாரியெடுத்து, "என்ரை கள்ளன்" என்று முத்தமிடுகின்றாள். இவையெல்லாவற்றினும் பொதுவாய் நிற்பது யாது? பிறர் பொருளைக் கவர்தல் எனின், அக்குழந்தை எதனைக் கவர்ந்தது? கடைக்கண்ணால் நோக்கினவன் எடுத்துக்கொண்ட பொருள் யாது? பொதுவாய் நிற்பது மறைத்தல் ஒன்றே.

பொய் சொல்லின்கண் நிகழ்வது. களவு பொருளின்கண் நிகழ்வது. வஞ்சனை நம்பினார்மாட்டு நிகழ்வது. கள்ளம் இம்மூன்றற்கும் முன்னே உள்ளத்தின்கண் நிகழ்வது. ஒரு பொய்யுஞ் சொல்லாமலே ஒருவன் கள்ளமுடையனாதல் கூடும். சொல்லவேண்டிய இடத்து வாய்திறவாதிருந்தே பிறனை முழுதும் ஏமாற்றலாம். மாணாக்கன் ஒருவனை, "நீ பொய் சொன்னாயா?" என்று வினாவுவதற்கும், "உன்னிடத்துக் கள்ளம் உண்டா?" என்று வினாவுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் அறிவர். முன்னையதற்குச் சான்று காட்டலாம். பின்னையதற்கு அவன் நெஞ்சே சான்று.

நூல்வழக்கும் இதற்கு இயையவே நிற்கின்றது. ஐங்குறுநூற்று மருதத்திலே கள்வன்பத்து என ஒரு பத்து உண்டு. ஆண்டுக் கள்வன் என்றது நண்டினை. ஆள் அரவங் கேட்டவுடன் வளையில் மறையும் நண்டுக்கு அப்பெயர் பொருந்துமாற்றைத் தீவகத்துப் பிள்ளைகளுக்கு உரை கூறி விளக்க வேண்டுவதில்லை. சேரநாட்டுக் கரையிலுள்ள மீனவர், காற்றும் மழையுமாகிய அறிகுறி ஒன்றுமின்றித் திடீரெனக் கரையேறும் பேரலைகளைக் கள்ளக்கடல் என்பர். தெற்கே நெடுந்தூரத்துப் பெருங்கடலில் எழும் புயல்கள் அவ்வலைகளைப் பிறப்பிக்கின்றன. மீனவர் வாய்ச்சொல்லாகிய அதனை இக்காலத்துக் கடலாராய்ச்சியாளருந் தம் கலைச்சொல்லாகக் கொண்டனர். நண்டினிடத்துங் கடலினிடத்தும் அறக்குற்றம் ஏது?

தொல்காப்பியனார் பொருளதிகாரத்தில் மூன்றாவதாக வைத்த இயல் களவியல். இறையனாரே அருளிச்செய்தார் என்று நாம் போற்றும் அகப்பொருணூலுங் களவியல் என்றே பெயர்பெற்றது. களவு தீதன்றோ, இறைவன் அதனை நூலாகச் செய்ததென்னை என்னும் ஐயம் அந்நூலுரைகாரருக்கும் எழுந்தது. அவர் அதற்கு விடையாக ஓர் உதாரணங் காட்டுவர். சினத்தினாலே உயிர்விடத் துணிந்து நஞ்சைக் கூட்டிவைத்து, தடுப்பார் இல்லாத வேளையை நோக்கியிருந்தாள் ஒருத்தி. அருளுடையான் ஒருவன் அஃதறிந்து, அவள் காணாமே அந்நஞ்சை எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டான். அவள் உயிர் பிழைத்தாள். அவன் செய்தது களவே. அக்களவினால் விளைந்ததோ அறம். இவ்வுதாரணத்தினுஞ் சிறந்த ஒன்றை ஆசிரியர்கள் எளிதிற் காணமாட்டார்கள். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் சீகாழியிலே அருளிச்செய்த முதற்பதிகத்திற் சிவபெருமானையே, தம் நெஞ்சத்தைக் கொண்டுபோனவர் என்னுங் கருத்திற் கள்வன் என்றார். சைவப் பிள்ளைகள் மனனஞ் செய்யும் பதிகங்களுள் அதுவே முதலாவது ஆதலின், அச்சொல்லை அவர்கள் முதன்முதற் கேட்பது இறைவன் பெயராகவே என்பது கருதத்தக்கது.

சித்தாந்தத்தின்கண்ணே வைத்து நோக்கினும், படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றன்றோ? உயிர்கள் வினையை நுகர்ந்து பக்குவமெய்தும்வரை இறைவன் தன்னை மறைத்து நிற்கின்றான். அம்மறைப்பை அருளின்பாற் படுத்துக் கூறுவரன்றி வஞ்சனையென ஒருவருங் கூறார்.

அற்றேல், மறைத்தல் குற்றமன்றாயின் கள்ளம் எங்ஙனங் குற்றமாம் எனின், கூறுதும். மறைத்தவன் தான் மறைத்ததனைப் பின்னொரு நாள், யாரிடத்து மறைத்தானோ அவருக்கே சொல்ல இயலுமா? இதுவே உரைகல். நஞ்சைக் கொட்டினவன் பிற்றைநாள் அப்பெண்ணின் முன் சென்று, "யானே எடுத்தேன்" என்று சொல்லலாம். அவள் அவனை வணங்குவாள். அகப்பொருட்களவு கற்பின்கண்ணே ஊரறிய வெளிப்படுகின்றது. இறைவனது மறைத்தற்றொழில் அருளற்றொழிலில் முடிகின்றது. குறைநிறைக் கல்லைத் தராசிலிட்ட வணிகனோ கொண்டவனிடத்து அதனை ஒருநாளுஞ் சொல்லமாட்டான். கொழும்பிலுந் தென்னிலங்கைப் பட்டினங்களிலுங் கடைவைத்துப் பெயர்பெற்ற தீவகத்தார் இவ்வுண்மையை நம்மினும் நன்கறிவர்; கணக்கேட்டைத் திறந்து காட்ட இயலாதவனுக்கு அடுத்த ஊரிற் கடன் கிடையாது. வெளிப்படுதற்கு வழிவைத்து மறைத்தல் ஒன்று. என்றும் வெளிப்படாதிருக்கும்படி மறைத்தல் மற்றொன்று. பின்னையதே குற்றமாகிய கள்ளம். திருவள்ளுவனார் கள்ளாமையைத் துறவறவியலிலே, வேடத்தான் மறைந்தொழுகுவாரைக் கடியுங் கூடாவொழுக்கத்திற்கும் வாய்மைக்கும் இடையே வைத்து, பிறன்பொருளைக் கள்ளத்தாற் கொள்வோம் என்று உள்ளத்தால் நினைத்தலுந் தீது என்றதும் இக்கருத்துப்பற்றியே என்க.

இதனினுங் கொடிய கள்ளம் ஒன்றுண்டு. புறவிருள் பொருள்களை மறைக்குமாயினுந் தன்னைக் காட்டும். ஆணவவிருளோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்று உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனிலே வேறுபாடு கூறினார். பிறனிடத்து மறைப்பவன் தான் மறைப்பதனையாவது அறிவான். தன்னிடத்துந் தான் மறைத்தவன் தன் வாயிற் கள்ளச்சொல் இருப்பதை அறியாது, தன்னை நீதிமானென்றே கருதுவான். பிறனைக் கள்ளன் என்று விரைந்து கூறுபவர் பெரும்பாலும் இந்நிலையினர்.

புங்குடுதீவிலே கண்ணகையம்மன் கோயில் இருக்கின்றது. அவ்வம்மை வரலாறு கள்வன் என்னும் ஒரு சொல்லிற் பிறந்தது. சிலம்பைத் திருடினவன் பொற்கொல்லன். கள்வனென்று கொல்லப்பட்டவன் கோவலன். ஆராயாது ஏவினவன் பாண்டியன். உண்மை வெளிப்பட்டபோது அவ்வரசன் அச்சொல்லைத் தன்மேலே ஏற்றிக்கொண்டு அக்கணமே உயிர்நீத்தான். சொல் உரியவிடத்துச் சென்று சேர்ந்தது, ஆயின் உயிர்கள் போயின, மதுரையும் எரிந்தது.

நம் நாட்டிலே இச்சொல் உரியவிடத்தைவிட்டு உரியதல்லாதவிடத்திற் சென்று ஒட்டியதற்கு இக்காலத்துப் பெருஞ்சான்று கள்ளத்தோணி என்பது. பாக்குநீரிணையிலே தோணிப்போக்குவரவு மிகப் பழையது. யாழ்ப்பாணத்தார் வேதாரணியத்துக்குங் கோடிக்கரைக்குஞ் சிதம்பரத்துக்குந் தோணியேறிச் சென்றதும், எதிர்க்கரையார் இங்கு வந்ததும் யாவருமறிந்தவை. அத்தோணிகளிற் கள்ளம் இல்லை. சுதந்திரத்தின் பின் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் பிறந்தது. அதன்பின் அனுமதிச்சீட்டின்றி இரவிலே கரையேறுந் தோணி கள்ளத்தோணியாயிற்று. கடலும் அதுவே, மரமும் அதுவே, பாயும் அதுவே. சட்டம் ஒன்றே புதிது. அங்ஙனம் வந்த தோணிகள் உண்மையிலே இருந்தன. அவற்றைத் தடுத்தற்பொருட்டு 1952 இலே படையினரைக் கரையில் நிறுத்தும் மொன்ரி நடவடிக்கையை அரசாங்கந் தொடங்கியதும் உண்மை. தோணிக்கு அப்பெயர் இட்டதிலே நாம் குறைகூறுதற்கில்லை.

ஆயின் அச்சொல் தோணியோடு நிற்கவில்லை. இலக்கண ஆசிரியர்கள் கார் என்னுஞ் சொல்லை உதாரணங்காட்டி மும்மடியாகுபெயரை விளக்குவர். கருநிறத்தைக் குறித்த சொல் மேகத்துக்காகி, மேகத்தினின்று மழைக்காலத்துக்காகி, அக்காலத்தினின்று அப்போது விளையும் பயிருக்காயிற்று. கள்ளத்தோணியும் அவ்வாறே தோணியினின்று அதில் வந்த ஆளுக்காயிற்று. ஆளினின்று அவன் பிள்ளைக்காயிற்று. பின்னர் மலைநாட்டுத் தமிழர் அனைவருக்கும் ஆயிற்று. தோணியை ஓட்டிக் கூலி வாங்கினவன்மேல் அப்பெயர் நிலைக்கவில்லை என்பதனையுங் குறித்துக்கொள்க. இலக்கணம் இம்மூன்று படியையும் அனுமதிக்கும். வினை செய்தவனையே சேரும் என்னுஞ் சைவநூல் முதற்படியிலேயே தடைசெய்யும்.

மலைநாட்டார் வந்த வழி யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித்தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க்கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அவ்வழியிலே வாந்திபேதியாலும் பசியாலும் இறந்தார் பலர். பின்னர் வந்தோர் மண்டபத்திலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமிலே தடுத்துவைத்து நோய்ச்சோதனை செய்யப்பட்டனர். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டு கழுத்திலே தொங்க, எண்ணிக் கணக்கெழுதி அனுப்பப்பட்டனர். 1914 இலே தனுக்கோடிக்குந் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டித்தொடர்போடு கப்பல் ஓடத்தொடங்கிய பின் அதிலே வந்தனர். அரசாங்கமே அழைத்து, அரசாங்கமே எண்ணி, அரசாங்கமே ஏற்றிவந்த மக்கள் இவர்கள். இவ்வளவு வெளிப்படையாக இந்நாட்டுக்கு வந்தவர் வேறு எவர்? அவரைக் கள்ளத்தோணி என்பது கள்ளத்தைக் கடிவதுபோற் காட்டிக்கொண்டு தானே பொய்யாய் நிற்குஞ் சொல். சொல்பவன் அதனை அறியாமையே மேற்கூறிய தன்னை மறைக்கும் இருளின் இலக்கணம்.

அச்சொல்லின் பின்னே சட்டமும் நின்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவில்லாத தோட்டத்துக் குடும்பங்கள் அதனை எங்ஙனங் காட்டும்? 1964 ஒக்டோபரிலே சிறிமாவோ அம்மையாருஞ் சாஸ்திரியாருஞ் செய்த உடன்படிக்கையில் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரவர் எண்ணிப் பங்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர்ப் பேசித் தீர்த்தற்கு. அப்பின்னவரும் 1974 இலே சரிபாதியாய்ப் பிரிக்கப்பட்டனர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003 இலே. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளிலே அச்சொல்லை வழங்கினோர் சிங்களவர் மாத்திரமல்லர். மலைநாட்டுச் சிறாரை வீட்டுவேலைக்கு வைத்திருந்த யாழ்ப்பாணத்து வீடுகளிலும் அது வழங்கிற்று. திருநீறணிந்த நெற்றியோடு அதனைச் சொன்னவரும் உளர். இதனை எழுதுதல் இனிதன்று. எழுதாதுவிடின் இக்கட்டுரையுங் கள்ளமுடையதாகும்.

காலஞ் சுழன்றது. 1983 இன் பின் வடபகுதியாரும் இரவிலே படகேறி இராமேசுவரக்கரையை நாடினர். 1991 இலே தீவகம் படையினர் வசமானபோது புங்குடுதீவார் பெரும்பாலோர் ஊரைவிட்டு அகன்றனர்; அவருள் எதிர்க்கரை சென்றாரும், ஐரோப்பாவுங் கனடாவுஞ் சென்றாரும் பலர். எதிர்க்கரை சென்றாரிற் பலரை ஏற்ற இடமும் அதே மண்டபம். முன்னே மலைநாட்டாரைத் தகரத்துண்டு கட்டி நிறுத்திய ஊரிலே பின்னே யாழ்ப்பாணத்தார் அகதியட்டை பெற வரிசையில் நின்றனர். சிலர் பிறர் கடவுச்சீட்டிலே தம் படத்தை ஒட்டிச் சென்றனர். இவர்களைக் கள்ளர் என்போமா?

முன்சொன்ன உரைகல்லை ஈண்டு இட்டுப் பார்க்குக. 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31 ஆம் உறுப்பு, உயிரச்சமுள்ள இடத்தினின்று நேரே வந்து, அனுமதியின்றி நாட்டினுட் புகுந்தவன் தாமதியாது அதிகாரிகள்முன் தன்னை வெளிப்படுத்தித் தக்க காரணங் காட்டுவானாயின், புகுந்தமைக்காக அவனைத் தண்டியாதிருக்க என விதிக்கின்றது. கடலிலே மறைந்தான், கரையிலே வெளிப்பட்டான். வெளிப்படுதற்பொருட்டு மறைந்தவனிடத்துக் கள்ளம் இல்லை என்பதே அவ்விதியின் உட்கருத்து. இந்தியாவும் இலங்கையும் அவ்வுடன்படிக்கையிற் கைச்சாத்திடாதவை. எனினும் அறம் கைச்சாத்தை நோக்கி நிற்பதன்று.

இவ்விடத்து ஒரு நிகழ்ச்சியைத் தப்பவிடலாகாது. 1986 ஓகத்து மாதத்திலே கனடாவின் கிழக்கே நியூபவுண்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே மிதந்த 155 தமிழரை ஆங்குள்ள மீனவர் கண்டு காப்பாற்றினர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் அவர்கள் கூறினர். சில நாளுள் அது பொய்யென வெளியாயிற்று. அவர்கள் கப்பலேறியது மேற்கு ஜெர்மனியிலே. திருப்பி அனுப்பப்படுவோம் என்னும் அச்சம் அப்பொய்யைச் சொல்வித்தது. குற்றந்தீர்ந்த நன்மை பயக்குமாயிற் பொய்யும் வாய்மையிடத்தது என்று வள்ளுவனார் கூறியதனை ஈண்டு எடுத்துக்காட்ட விரைபவர் உளர். எமக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. குற்றந்தீர்ந்த என்னும் அடைமொழி மிகக் கனமானது. அப்பொய்யினாலே, பின்வந்த அகதிகளின் மெய்யுரையும் ஐயுறப்படுதற்கு ஓரளவு இடமாயிற்று. ஆதலின் அது பொய்யே. ஆயின் ஒரு நாள் அஞ்சிச் சொன்ன பொய் 155 பேரையும் அவர் மக்களையும் என்றும் பொய்யராக்குமோ? கனடா அங்ஙனங் கருதவில்லை. இருந்து உழைக்க இடந்தந்தது. நம்மவருக்குக் கிடைத்த அந்நீதியை நாம் மலைநாட்டார்க்கு வழங்கினோமா என்பது வேறு வினா. அவர்களோ அத்தகைய பொய் ஒன்றேனுஞ் சொல்லாதவர்.

இனிப் பாடசாலைக்கு வருவாம். நாவலரவர்கள் நான்காம் பாலபாடத்திலே களவு என்னும் பாடத்தை வைத்துச் செயலைக் கடிந்தார்கள். வகுப்பறையிலே நாம் பெரும்பாலுங் கடிவது செயலையன்று, செய்தவனை. எழுதுகோல் ஒன்று காணாமற்போயிற்று; அதனை எடுத்த சிறுவன் அகப்பட்டான். "நீ எடுத்தது களவு" என்பது ஒரு வாக்கியம். "நீ கள்ளன்" என்பது மற்றொரு வாக்கியம். முன்னைய வாக்கியத்தினின்று அவன் எழுதுகோலைத் திருப்பிக் கொடுத்து நீங்கலாம். பின்னையதினின்று நீங்க வழியில்லை. அடுத்த பொருள் எது காணாமற்போயினும் வகுப்பு முழுதும் அவனையே திரும்பிப் பார்க்கும். தோணிக்கு நேர்ந்ததே எழுதுகோலுக்கும் நேர்ந்தது. அச்சிறுவன் ஏழையாயோ குடியேறிவந்த குடும்பத்தானாயோ இருப்பின் ஆகுபெயர் இன்னும் ஒருபடி ஏறி அவன் வீட்டாரையும் பற்றும். பாட்டியின் வாயிலே முத்தமாயிருந்த சொல் ஆசிரியர் வாயிலே சூட்டுக்கோலாகும்.

கள்ளத்தோணி என்பதனை அகராதியினின்று நீக்கிவிடுதல் நன்றோ எனச் சிலர் வினாவுவர். நீக்குதலும் ஒருவகை மறைத்தலே. அதுவும் வெளிப்படுதற்கு வழிவையாத மறைத்தல். சொல் இருக்கட்டும், அது தோணிக்கு மாத்திரம் உரியதென்றும், ஆளுக்கும் மரபுக்கும் ஏற்றப்பட்டது பிழைவழக்கென்றும் ஆண்டுகளோடு எழுதப்படட்டும். மேல்வகுப்பிலே இதனைப் பாடமாக நடத்த விரும்பும் ஆசிரியர், மலைநாட்டு வழித்தோன்றலாகிய பிள்ளையை எழுப்பிநிறுத்தி அதிலிருந்து தொடங்காதிருப்பாராக. முதலிலே இறுப்பிட்டிப் பிள்ளைகளை நோக்கி, உங்கள் சிற்றப்பன்மாரும் மாமன்மாரும் 1990 இன் பின் எவ்வெவ் வழியாக எவ்வெவ் நாடு சேர்ந்தனர் என வினாவி, விடைகளைக் கரும்பலகையில் எழுதியபின், மண்டபத்துத் தகரத்துண்டின் வரலாற்றுக்கு வருவது முறையாகும்.